மானைப் படைத்தவனும் புலியைப் படைத்தவனும்



நம் சங்கங்களில் உபோசத நாளன்று தம்ம உரை முடிந்தபின் கேள்விகள் கேட்கப்படுவது வழக்கம். அவற்றுள் ஒரு கேள்வி எந்த ஊரிலும் தவறுவதில்லை. "கடவுள் என ஒருவர் இல்லையாயின், இத்தனை மலையையும் காட்டையும், மயிலையும் மானையும் ஆக்கியவர் யார்?" என்பதே அது. இதனைக் கேட்பவர் பெரும்பாலும் வாதத்தில் விருப்பமுடையவர் அல்லர். பாட்டன் பூட்டன் காலந்தொட்டு ஒரு தெய்வத்தின் காவலில் இருப்பதாக நம்பி வளர்ந்தவர். திரிசரணம் ஏற்று இன்னும் நெடுநாள் ஆகாதவர். "இனி நம்மைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்னும் அச்சமே அக்கேள்வியின் உள்ளே இருக்கிறது. ஆகலின், விடை கூறப் புகுவோன் கேட்டவரை மடக்கிவிட்டோம் என்று மகிழ்தல் ஆகாது.

மயிலின் தோகையைக் காட்டி, "இதனைத் தீட்டிய கை ஒன்று இருக்க வேண்டுமன்றோ?" என்பது பழைய வாதம்; அழகிய வாதமுங்கூட. ஆயினும், காட்டைச் சாட்சிக்கு அழைப்பவர் காடு கூறுவது முழுவதையும் கேட்டாக வேண்டும். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, நமக்கு வேண்டிய ஒரு சொல் வந்தவுடனே இறக்கி அனுப்பிவிடுதல் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

தங்கவயலிலும் பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நம்மவர்க்குக் காடு தூரத்துப் பொருளன்று. மைசூரிலிருந்து உதகை செல்லும் சாலை பந்திப்பூர்க் காட்டின் ஊடாகவே போகிறது. அச்சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்கள், புள்ளிமான் கூட்டம் மேயும் இடத்தில் மரத்தின்மேல் கருமுக மந்திகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். மந்தி தின்று உதிர்க்கும் தழையையும் காயையும் மான் பொறுக்கித் தின்னும். மரத்தின் உச்சியிலிருந்து புலியைக் கண்ட மந்தி குரல் கொடுத்தால், கீழே மான்கள் தலை தூக்கும். இனம் வேறு, உறவு இல்லை. எனினும் ஒன்றுக்கொன்று துணை. யானைக் கூட்டத்தில் ஒரு கன்றைத் தாய் மட்டுமா காக்கிறாள்? சிற்றன்னையும் பாட்டியும் சூழ்ந்து நின்று காக்கிறார்கள். இவற்றையெல்லாம் கண்டு ஒருவர் கைகூப்பினால் அவரை நான் நகைக்கமாட்டேன்.

அதே காட்டில் செந்நாய்களும் வாழ்கின்றன. அவை கூட்டமாக ஓடி மானை மறிக்கும். புலியைப் போல் குரல்வளையைக் கவ்விக் கொன்றபின் தின்னும் பொறுமை அவற்றுக்கு இல்லை. மான் சாகுமுன்னரே தின்னத் தொடங்கிவிடும். பார்த்தவர்கள் அதனை மறப்பதில்லை. ஆயின் அதே செந்நாய்கள், கொன்ற இரையை முதலில் தம் குட்டிகளுக்கு விட்டுக்கொடுத்துத் தாம் விலகி நிற்கும். குகையில் தங்கிய தாய்க்கும் சிறு குட்டிகளுக்கும் தாம் விழுங்கியதைக் கக்கி ஊட்டும். எதனை அருள் என்பது, எதனைக் கொடுமை என்பது? ஒரே வாய் இரண்டையும் செய்கிறது.

ஒரு புலி உயிர்வாழ ஆண்டுக்கு மானளவுள்ள விலங்குகள் ஏறத்தாழ 50 வேண்டும் என்று ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். வாரத்திற்கு ஒன்று எனக் கொள்ளலாம். அத்தனையும் எளிதில் கிடைப்பதில்லை. பாய்ச்சல்களில் பல வீணாகின்றன. புலிக்குட்டிகளிலோ ஏறக்குறையப் பாதி, தாமே வேட்டையாடும் பருவத்தை எட்டுமுன் மடிகின்றன. மானின் தாய் "என் கன்றைக் காப்பாற்று" என்றும், புலியின் தாய் "என் குட்டிக்கு இரை கொடு" என்றும் ஒரே மாலையில், ஒரே புதரின் இருபுறமும் நின்று வேண்டினால், இருவரையும் படைத்த தந்தை எதற்குச் செவி சாய்ப்பார்? எதற்குச் சாய்த்தாலும் மற்றொன்று பட்டினியாலோ பல்லாலோ சாகும்.

நிற்க. இரையும் வேட்டையும் இன்றியமையாதவை, ஒன்றன் சாவு மற்றொன்றின் வாழ்வு, எல்லாம் ஒரு சமநிலைக்காக என்று ஒருவர் கூறலாம். அதற்கும் அடங்காத துன்பம் காட்டில் உண்டு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீப்பற்றிப் பல்லாயிரம் ஏக்கர் கருகிற்று. புல் காய்ந்து கிடந்த காலம். வேற்று நாட்டிலிருந்து வந்து காடெங்கும் புதராய் மண்டிவிட்ட உண்ணிச்செடி தீக்கு விறகாயிற்று. இத்தகைய தீயில் பறக்கவல்லவை பறந்துவிடும், ஓடவல்லவை ஓடிவிடும். ஆமையும், கூட்டிலுள்ள குஞ்சும், புல்லில் அசையாமல் படுத்திருக்குமாறு தாயால் விடப்பட்ட மான்கன்றும் என்ன செய்யும்? வில்லியம் ரோ என்னும் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய மான்கன்று ஒன்றையே எடுத்துக்காட்டினார். மனிதர் எவரும் இல்லாத காட்டில் இடி விழுந்து தீ மூள்கிறது. கன்று உடல் வெந்து, உடனே சாகாமல் சில நாள் கிடந்து சாகிறது. அதைக் கண்டு இரங்கினார் இல்லை. பாடம் கற்றார் இல்லை. புலிக்குட்டி எதுவும் பசியாறவுமில்லை. எல்லாம் அறிந்து எல்லாம் வல்ல நல்லவர் ஒருவர் இருப்பாராயின், அந்தச் சில நாள் வேதனை எந்த நன்மைக்காக விடப்பட்டது என்பது அவருடைய வினா. அறிஞர் பலர் அன்று முதல் இதற்கு விடை எழுதிக்கொண்டே இருக்கின்றனர்.

காட்டுக்குக்கூடப் போக வேண்டா. நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு சான்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளவி மண்ணை உருட்டிவந்து சிறு கூடு கட்டும். பச்சைப் புழு ஒன்றைக் கொட்டி எடுத்துவந்து அதனுள் வைத்து வாயை அடைக்கும். சில நாள் கழிந்தபின் அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வரும். இதனைக் கண்ட நம் முன்னோர், குளவி கொட்டக் கொட்டப் புழு அதனையே இடைவிடாது நினைந்து, தானே குளவியாகிவிட்டது என்று எண்ணினர். வேதாந்திகள் இதற்குப் பிரமர கீட நியாயம் என்று பெயரிட்டு, ஆன்மா ஈசனைத் தியானித்துத் தியானித்து ஈசனேயாகும் என்பதற்கு உவமையாக்கினர். மேடைகளில் இன்றும் இவ்வுவமையைக் கேட்கலாம்.

உண்மை வேறு. அடைக்குமுன் குளவி அக்கூட்டில் முட்டையிடுகிறது. அது கொட்டிய கொட்டு புழுவைக் கொல்வதன்று. அசையாமல் மரத்துப்போகச் செய்வது. கொன்றால் அழுகிவிடும் அன்றோ? முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சு, உயிரோடு கிடக்கும் அப்புழுவைச் சிறிது சிறிதாகத் தின்று வளர்ந்து, இறுதியில் சிறகு முளைத்து வெளிவருகிறது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு உணவாயிற்று. சார்லஸ் டார்வின் 1860 மே மாதம் தம் நண்பரும் தாவரவியல் அறிஞருமான ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இத்தகைய குளவி இனம் ஒன்றையே குறிப்பிட்டார். புழுவின் உயிருள்ள உடலுக்குள் இருந்து தின்னும்படி இக்குளவியை ஓர் அன்புள்ள கடவுள் வேண்டுமென்றே வகுத்தார் என நம்பத் தம்மால் இயலவில்லை என்றார். அவர் கடவுளை ஏளனம் செய்தவர் அல்லர், வருத்தத்தோடு எழுதியவர்.

நமக்கோ இவ்வுவமையில் வேறொரு பாடமும் உண்டு. தின்னப்படுகிறவனை நோக்கி, "நீ உயர்த்தப்படுகிறாய், அசையாமல் கிட" என்று கூறும் உவமைகள் நம் மக்களுக்குப் புதியவை அல்ல.

கடவுளை நம்புவோர் இவ்வினாவை அறியாதவர்கள் என்று எண்ணுதல் பிழை. அவர்களுள் ஆழ்ந்து சிந்தித்தோர் பலர் உண்டு. யூதருடைய வேதத்தில் யோபு என்பவரின் வரலாறு இருக்கிறது. பிழை செய்யாத அம்மனிதர் பிள்ளைகளையும் பொருளையும் உடல்நலத்தையும் இழந்து, "ஏன்?" என்று கடவுளைக் கேட்கிறார். சூறைக்காற்றிலிருந்து வரும் விடை வியப்பானது. அதில் காரணம் கூறப்படவில்லை. காட்டு விலங்குகள் காட்டப்படுகின்றன. இரை தேடும் சிங்கம், குஞ்சு பசியால் கதறும் காக்கை, மலையில் கன்றீனும் வரையாடு, முட்டையை மண்ணில் விட்டுச் செல்லும் தீக்கோழி, இரத்தம் குடிக்கும் குஞ்சுகளையுடைய கழுகு. "இவற்றையெல்லாம் நீயா நடத்துகிறாய்?" என்பது அவ்விடையின் சாரம். உலகம் மனிதனுக்காக மட்டும் அமைந்ததன்று என்று இடித்துரைக்கும் அப்பகுதியின் பெருமையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் யோபு வாய் மூடினாரேயன்றி, அவர் கேட்ட கேள்வி விடை பெற்றதா?

முதல் மனிதன் செய்த பாவத்தால் உலகம் கெட்டது என்பாரும் உளர். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கொன்று தின்ற விலங்குகளின் பற்கள் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. விலங்குக்கு வேதனையே இல்லை, அது ஓர் இயந்திரம் என்ற கருத்து பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட்டின் வழியினரிடையே பரவியிருந்தது. நாய் வளர்த்தவர் எவரும் அதனை ஏற்கவில்லை. 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய மூளையியல் அறிஞர்களும், விலங்குகளுக்கு உணர்வறிவு உண்டு என்று கையொப்பமிட்டு அறிவித்தனர்.

நம் நாட்டு விடை இவற்றினும் நுட்பமானது. உலகம் ஈசனின் லீலை, விளையாட்டு என்று பிரம்மசூத்திரம் கூறுகிறது. உடனே அதன் ஆசிரியர்க்கே ஐயம் எழுகிறது: விளையாட்டில் ஒருவரை இன்பத்திலும் ஒருவரைத் துன்பத்திலும் வைத்தால் ஈசன் பாரபட்சமுடையவன், கொடியவன் என்றாகாதோ? ஆகாது, அவன் அவ்வவ்வுயிரின் வினையைப் பார்த்தே அளிக்கிறான் என்பது அடுத்த சூத்திரத்தின் விடை. மழை பொதுவாகப் பெய்கிறது. நெல் நெல்லாகவும் யவம் யவமாகவும் முளைப்பது வித்தைப் பொறுத்தது என்று சங்கரர் விளக்கினார். திறமையான விளக்கந்தான். ஆயினும் இதில் நிகழ்ந்தது என்ன? பழி ஈசனிடமிருந்து இறக்கப்பட்டு, வெந்து கிடக்கும் மான்கன்றின் தலையில் ஏற்றப்பட்டது. "நீ முன்பு செய்தாய், இப்போது அனுபவிக்கிறாய்."

இங்கேதான், அன்பர்களே, நாம் விழிப்போடு நிற்க வேண்டும். ஏனெனில் இந்தக் கடைசி விடையைப் பௌத்தத்தின் விடை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். "கடவுள் இல்லை, கன்மமே எல்லாம்" என்று சொல்லிவிட்டால் பௌத்தராகிவிட்டோம் என்று நினைக்கின்றனர். பகவான் அவ்வாறு போதிக்கவில்லை.

அங்குத்தர நிகாயத்தின் திக நிபாதத்தில் ததாகதர் மூன்று கொள்கைகளை எடுத்து மறுக்கிறார். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயன் என்பது ஒன்று. யாவும் ஈசன் படைப்பு என்பது ஒன்று. யாவும் காரணமின்றித் தாமே நேர்வன என்பது மற்றொன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றும். பகவானோ மூன்றையும் ஒரே தராசில் வைக்கிறார். இவற்றுள் எதனைப் பற்றினாலும், "இது செய்யத்தக்கது, இது செய்யத்தகாதது" என்னும் முயற்சிக்கும் விருப்பத்திற்கும் இடமில்லாது போகிறது என்பதே அவர் காட்டும் குற்றம். சீவகன் என்னும் பரிவிராசகன் இதே ஐயத்தைக் கேட்டபோது, பித்தத்தாலும் சிலேட்டுமத்தாலும் வாயுவாலும், பருவ மாற்றத்தாலும், பிறர் தாக்குவதாலும் வேதனைகள் உண்டாகின்றன. இதனை யாவரும் தாமே அறியலாம். எல்லாவற்றையும் முன்வினை என்பவர் கண்ணாற் காண்பதையும் கடந்து செல்கின்றனர் என்று அருளினார். வினை உண்டு. சேதனை, அஃதாவது மனம் கொண்டு செய்யும் எண்ணமே வினை. ஆனால் துன்பம் அனைத்தும் வினையின் கூலி அன்று.

மகாபோதி சாதகத்தில் இதே கருத்து கதையாக வருகிறது. போதிசத்துவர் துறவியாய்க் குரங்குத் தோலைப் போர்த்துக்கொண்டு அரசவைக்கு வருகிறார். "குரங்கைக் கொன்ற பாவி" என்று ஐந்து அமைச்சர் பழிக்கின்றனர். ஒருவன் எல்லாம் காரணமின்றி நிகழ்வன என்பவன். ஒருவன் எல்லாம் ஈசன் செயல் என்பவன். ஒருவன் எல்லாம் முன்வினை என்பவன். ஒருவன் இறந்தபின் ஒன்றுமில்லை என்பவன். ஐந்தாமவன் வலியவன் தன் நலத்துக்காகத் தாய்தந்தையைக் கொன்றாலும் தகும் என்பவன். துறவி ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கேட்கிறார்: உன் கொள்கை மெய்யானால், இக்குரங்கைக் கொன்ற பழி எனக்கு எப்படி வரும்? எல்லாம் ஈசன் செயலாயின் கொன்றவன் ஈசன். முன்வினையாயின் குரங்கு தன் கடனைத் தீர்த்தது. ஐவரும் வாயடைத்தனர். குரங்கு செத்தால் மட்டும் பழி பேசுகிறீர்களே, உங்கள் நூலின்படி பழி என ஒன்று உண்டா என்பது அவர் கேட்டது. மூன்று அடி நீளமுள்ள ஒரு விலங்கின் தோல், ஐந்து தத்துவங்களைச் சோதித்துவிட்டது!

இம்மூன்று விடைகளும் மானுக்கு மட்டும் சொல்லப்பட்டவையா? சேரியில் பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டபோது "அவன் படைப்பு அப்படி" என்றார்கள். "முற்பிறப்பில் செய்தது" என்றார்கள். "தலையெழுத்து, யார் என்ன செய்ய?" என்றார்கள். மான்கன்றின் வேதனைக்குச் சொன்ன அதே மூன்று விடைகள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவ்விடைகளுக்கு அஞ்சி வெளியே வந்த நாம், பௌத்தத்தின் வாசலுக்குள்ளே அவற்றுள் ஒன்றை மூட்டையில் கட்டிக்கொண்டு வரலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உன் முன்வினை" என்று சொல்லும் வாய், திரிசரணம் சொன்ன வாயாக இருக்கத் தகாது.

நான்காவது விடை ஒன்றும் உண்டு. அது மகாபோதி சாதகத்தின் ஐந்தாம் அமைச்சனுடையது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குகிறது, அதுவே இயற்கை, ஆகவே வலியவன் ஆள்வதும் எளியவன் ஆளப்படுவதும் இயற்கை என்பது. மச்ச நியாயம் என்று பழைய நீதி நூல்கள் இதனைக் கூறும். கடவுளை மறுத்துவிட்டுக் காட்டைக் கடவுளாக்குவோர் இக்குழியில் விழுகின்றனர். பகவான் விலங்குலகத்தை அழகுபடுத்திக் கூறியவர் அல்லர். மச்சிம நிகாயத்தின் பாலபண்டித சுத்தத்தில், அங்கே தம்ம ஒழுக்கமில்லை, ஒன்றையொன்று தின்பதும் மெலியதை வலியது தின்பதுமே உண்டு என்று உள்ளபடியே கூறுகிறார். அதனை அவர் மனிதனுக்கு வழிகாட்டியாகச் சொல்லவில்லை. மனிதப் பிறப்பு எத்துணை அரிய வாய்ப்பு என்று காட்டவே சொன்னார். புலி மானைத் தின்பது குற்றமுமன்று, நீதியுமன்று. அதனால் வேறு செய்ய இயலாது. நம்மால் இயலும்.

அப்படியாயின் புலியைப் படைத்தவர் யார்? முதலிற் கேட்டவர் இன்னும் காத்திருக்கிறார். ஒருவர் படைத்தார் என்பதைவிட, பல நிலைமைகள் சேர்ந்து ஆக்கின என்பதே காட்டின் சாட்சியத்திற்குப் பொருந்துகிறது. எண்ணிறந்த தலைமுறைகளாக மெதுவாக ஓடிய மான்கள் பிடிபட்டன. விரைந்து ஓடியவை ஈன்றன. பிடிக்க இயலாத புலிகள் பட்டினியால் மடிந்தன. பதுங்கத் தெரிந்தவை குட்டி போட்டன. மானின் காலைப் புலி ஆக்கிற்று. புலியின் பாய்ச்சலை மான் ஆக்கிற்று. புல் இரண்டையும் ஆக்கிற்று. மழை புல்லை ஆக்கிற்று. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் கருத்தும், சார்பிற் றோற்றம் என்னும் நம் தம்மமும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வது இரண்டையும் மலிவாக்கும். ஆனால் ஒருவனைத் தேடாமல் நிலைமைகளைத் தேடு என்னும் திசை இரண்டிலும் ஒன்றே. நிலைமைகளை அறிந்தால் சிலவற்றை மாற்றலாம். ஒருவன் சித்தம் என்றால் வேண்டிக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

மாற்றியவர் ஒருவரை நமக்குத் தெரியும். அசோகர் தம் முடிசூட்டின் 26ஆம் ஆண்டில் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி எனக் கொல்லப்படாத உயிர்களை வரிசையாக எழுதினார். காரணமின்றியோ, உயிர்களைக் கொல்லுதற் பொருட்டோ காட்டுக்குத் தீயிடலாகாது என்றும் அதிலே ஆணையிட்டார். மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததைச் சோழ பாண்டிய நாடுகளின் பெயர் சொல்லியே மற்றொரு சாசனம் கூறுகிறது. அவருடைய அடுக்களையிலோ, நாள்தோறும் பல நூறாயிரம் உயிர் கொல்லப்பட்ட நிலை மாறி, இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டும் கொல்லப்பட்டன. மானும் எப்போதும் அன்று என்று அவரே கல்லில் எழுதி வைத்தார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். முழுமை பெற்றுவிட்டதாகப் பறைசாற்றாமல், மீதம் இரண்டு மயில் இருக்கிறது என்று கணக்குக் காட்டிய அரசர் வேறு எவர்?

நம் கணக்கு என்ன? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டிக் காப்பேன் என்பதும் ஒன்று. இதனைச் சொல்லிவிட்டு வைசாக பௌர்ணமியன்று கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் சில இடங்களில் நுழைந்திருக்கிறது. நாம் விடுவதற்காகவே அவை பிடிக்கப்படுகின்றன. வலையிலும் கூண்டிலும் பாதி செத்து மீதி நம் கைக்கு வருகின்றன. காட்டுக் கிளியையும் சில்லைக் குருவியையும் பிடித்து விற்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். அப்பணத்தில் விகாரையின் வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினால் கூண்டே வேண்டா.

பயிரைக் காக்கும் உழவர்க்கு உபதேசம் செய்வது அத்துணை எளிதன்று. எல்லைக் காட்டிலிருந்து இறங்கும் யானை ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ராகியை முடித்துவிடும். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் 2020 மே மாதம் வெடி வைத்த பழத்தைக் கடித்த கருவுற்ற யானை வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே இறந்தபோது நாடே அழுதது. அழத்தான் வேண்டும். ஆனால் யானை மிதித்துச் செத்த கூலியாட்களுக்காக நாடு அழுததில்லை என்பதையும் நாம் மறக்க இயலாது. அவர்களிற் பலர் நம்மவர்கள். இழப்பீடு உரிய காலத்தில் கைக்கு வந்தால் வெடியைத் தேடுவோர் குறைவர். கருணை சில சமயம் அரசு அலுவலகத்தில் மனு எழுதும் வேலையாகவும் இருக்கும்.

இறுதியாக, நாம் ஓதும் கந்த பரித்தத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு பிக்கு பாம்பு தீண்டி இறந்தார். செய்தி வந்தபோது பகவான், நால்வகைப் பாம்புக் குலங்களிடத்தும், காலில்லாதன முதல் பல கால்களையுடையன வரை எல்லா உயிரிடத்தும் மைத்திரியைப் பரப்புமாறு கற்பித்தார். அந்தப் பிக்கு அவ்வாறு செய்யாததால் இறந்தார் என்றும் சுத்தத்தில் வருகிறது. இஃது எனக்குக் கடினமான இடமே. இதனை எடுத்துக்கொண்டு, பாம்பு கடித்துச் செத்தவர் அன்பில்லாதவர் என்று பழிப்பது, மேலே நாம் மறுத்த முன்வினைப் பேச்சுக்கே திரும்புவதாகும். விநயத்தில் அதே பகவான், பாம்பு கடித்த பிக்குவுக்கு அக்காலத்து மருந்துகளைக் கொடுக்க அனுமதித்திருக்கிறார். மைத்திரியும் மருந்தும் அவருக்குப் பகையாக இருக்கவில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் சிற்றூரில் வாழ்ந்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள். கொல்பவை பெரும்பாலும் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பரித்தத்திலும் நான்கு குலம், இங்கும் நான்கு என்பது தற்செயலே. அதில் அறிவியலைத் தேட வேண்டா. இந்நான்கின் கடிக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்து உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நாட்டின் மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்தே வந்திருக்கிறது. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. பாம்பும், நூற்றாண்டுகளாக இழிவாகப் பேசப்பட்ட இருளர் கையும், கேட்கப்படாமலே தன் குருதியைத் தரும் குதிரையும் சேர்ந்து ஒரு குப்பியாகி மருத்துவமனையில் இருக்கிறது.

ஆகவே இன்று பரித்தம் ஓதியபின் வீடு திரும்புவோர் வரப்பிலே விளக்கின்றி நடக்க வேண்டா. தரையில் தட்டிச் செல்ல ஒரு கோலும் கையிலிருக்கட்டும். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டாமல், கத்தியால் கீறாமல், மந்திரிப்பவர் வீட்டுக்குப் போகாமல், கடித்த காலை அசைக்காது நேரே அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. பாம்பைத் தேடி அடிக்கப் புறப்பட வேண்டா; அந்நேரத்தில் வண்டியைத் தேடுக.